கஜபதி கதை சொன்ன ஊமைப்படம்

கஜபதி வாயைத் திறந்தால் புஷ்பாவுக்கு முதலில் வந்து சேர்வது வாசனைதான். வெற்றிலையும் பன்னீர்ப் புகையிலையும், அவற்றுக்கு நடுவே மத்தியானம் தின்ற கருவாடும். வார்த்தை அதற்குப் பின்னால்தான் வரும். கூடப்பிறந்த அண்ணனைப் பற்றி இப்படி நினைக்கக் கூடாதுதான். ஆனால் மூன்று மாதமாக அவன் வீட்டில் உட்கார்ந்து, அவன் புத்திமதியையும் அந்த வாசனையையும் சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தால் எந்தத் தங்கைக்கும் குமட்டத்தான் செய்யும்.

ஆவடி ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் கஜபதி பெரிய மனிதன். எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு கிளம்பிவிடுவான். இரண்டு பக்கமும் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். கேட்டுவிட்டு எப்போதும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்வான். "அடிச்சா இன்னாம்மா இப்ப? அடிக்கிற கைதான் அணைக்கும். போ, போயி அவனுக்கு சோத்த போடு." அழுதுகொண்டிருக்கும் பெண் மூக்கைச் சிந்திவிட்டு அடுப்படிக்குப் போவாள். இவன் அவள் கையாலேயே ஒரு காப்பி வாங்கிக் குடித்து, வாசல் குரோட்டன்ஸ் செடியில் பொளிச்சென்று துப்பிவிட்டு, "ஒரு குடும்பத்த ஒட்ட வெச்சிட்டேன்" என்று வீட்டுக்கு வந்து காலை நீட்டுவான். அவன் மனைவி லோகநாயகி சுடுதண்ணீர் வைத்துக் கொடுப்பாள். அவன் எதிரில் அவள் வாயிலிருந்து 'ஆமா' என்பதைத் தவிர வேறு சொல் வந்து புஷ்பா கேட்டதில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதன் வீட்டில் சொந்தத் தங்கையே வாழாவெட்டியாக வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கூழ்ப்பானையில் விழுமாம் துள்ளி என்று நாலு பேர் பேச மாட்டார்களா? கஜபதிக்கு அதுதான் கவலை. தங்கை ஏன் வந்தாள் என்பது அவனுக்கு இரண்டாம் பட்சம்.

புஷ்பா வந்தது அடிக்காக அல்ல. பாடியில் லாரி சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் கடைசல் வேலை பார்க்கும் அவள் புருஷன் பாஸ்கரன் அடிக்கத்தான் செய்தான். அதை அவள் ஒரு மாதிரி பழகிக்கொண்டிருந்தாள். மகள் அமுலு பிறந்த மாதத்தில் பாஸ்கரனின் அப்பன் செத்துப்போனான். அன்றிலிருந்து குழந்தைக்கு அந்த வீட்டில் சனியன் என்று பெயர். நாலு வயசுக் குழந்தை ஒரு நாள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வேலை விட்டு வந்த பாஸ்கரன், ஒரு வார்த்தை பேசாமல், செருப்புக் காலால் அந்தத் தட்டை மெதுவாகத் தள்ளினான். கோபமாக எட்டி உதைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. நாய்த் தட்டைத் தள்ளுவது போல, நிதானமாக, சுவர் ஓரம் வரைக்கும் தள்ளினான். குழந்தை தவழ்ந்து போய் அங்கே உட்கார்ந்து மீதியைத் தின்றது. புஷ்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கே அமுலுவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

இதை அவள் கஜபதியிடம் சொன்னபோது அவன் பல்லைக் குத்திக்கொண்டிருந்தான். "தட்டத்தானே தள்ளுனான்? கொழந்தையவா தள்ளுனான்?" என்றான்.

பாஸ்கரன் இரண்டு முறை வந்து போனான். மச்சானும் மச்சானும் வாசலில் நின்று குசுகுசுவென்று பேசினார்கள். 'புஷ்பாவை அனுப்புங்க' என்று பாஸ்கரன் கேட்கிறானாம். 'புஷ்பாவை' என்று சொன்னானே தவிர வேறு பெயரைச் சொல்லவில்லை என்பதை அவள் அப்போது கவனிக்கவில்லை. அந்த வாரத்தில்தான் ஆவடி மார்க்கெட்டிலிருந்து ஒரு புது டிரங்குப் பெட்டி வந்தது. கட்டிலுக்கு அடியில் சுவரைப் பார்க்கத் தள்ளி வைத்திருந்தார்கள். லோகநாயகி அமுலுவுக்கு நீலத்தில் ஒரு கவுன் தைத்தாள். போட்டுப் பார்த்தால் கணுக்காலைத் தொட்டது. "பெருசா கீதே அண்ணி" என்றதற்கு, "வளந்தா போட்டுக்கும்" என்று மிஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அண்ணிக்குக் குழந்தை இல்லாத ஏக்கம், ஆசையாகத் தைக்கிறாள் என்று புஷ்பா நினைத்துக்கொண்டாள்.

இந்தச் சமயத்தில்தான் குவார்ட்டர்ஸ் மனமகிழ் மன்றத்துக்கு அந்தப் படம் வந்தது. மாதம் ஒரு படம் போடுவது வழக்கம். கஜபதிதான் மன்றத்துச் செயலாளர். அந்த மாதம் பட்டணத்தில் ஏதோ ஒரு சினிமா சங்கம் சும்மாவே ஒரு படம் தருகிறது என்று கேள்விப்பட்டு, என்ன படம் என்றுகூடக் கேட்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். சனிக்கிழமை சாயங்காலம் கமிட்டி ஆட்கள் மட்டும் போட்டுப் பார்த்தார்கள். பார்த்தால் வெள்ளைக்காரன் காலத்து ஊமைப்படம். வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. நடு நடுவே எழுத்து வருகிறது. அது இங்கிலீஷும் இல்லை, யாருக்கும் புரியாத வேறு ஏதோ பாஷை.

அண்ணன் கேட்டானென்று புஷ்பா பிளாஸ்கில் காப்பி கொண்டுபோனாள். படம் முடிகிற நேரம். வாசலில் நின்றபடியே பார்த்தாள். திரையில் ஒரு பெரிய வீடு. மீசைக்காரன் ஒருவன் மாடிப்படியில் மண்டியிட்டுக் கையை நீட்டுகிறான். அவன் பெண்டாட்டி, சுருட்டை முடிப் பெண் குழந்தை ஒன்றை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவனைத் தாண்டி இறங்கி வருகிறாள். திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் ஸ்டேஷன், புகை விடும் ரயில். குழந்தையை முதலில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறுகிறாள். அவ்வளவுதான், திரை வெள்ளையாகிவிட்டது. ஆபரேட்டர் எத்திராஜ் லைட்டைப் போட்டான்.

புஷ்பா பிளாஸ்கை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். யாரோ ஒரு வெள்ளைக்காரி, என்றைக்கோ செத்து மண்ணாகியிருப்பாள், ஆனாலும் அவள் குழந்தையைத் தூக்கிய விதம் புஷ்பா தூக்கிய விதம்தான். இதை அண்ணனும் பார்த்தானே! ஒரு வெள்ளைக்காரி செய்தால் சரி, தங்கச்சி செய்தால் தப்பா என்று அவன் மனசு கொஞ்சம் இளகியிருக்காதா? அன்று இரவு அவள் திருநின்றவூர் கன்னியம்மாவை நினைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருவரும் பக்கத்துப் பக்கத்துத் தையல் மிஷின். "ஒரு ரூம்பு காலியா கீது, கொழந்தைய இட்டுகினு வந்துடு, வேலைக்கு நான் சொல்றேன்" என்று கன்னியம்மா சொல்லியிருந்தாள். அண்ணனிடம் இதைக் கேட்க ஒரு நல்ல நேரம் வேண்டும். படம் முடிந்ததும் கேட்கலாம் என்று முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இருட்ட ஆரம்பித்ததும் மன்றம் நிரம்பிவிட்டது. ஆண்களுக்கு நாற்காலி, பெண்களுக்கு நடுவிலிருந்து பின்பக்கம் வரைக்கும் பாய். எதிர்பாராமல் முன் வரிசையில் பாஸ்கரன் உட்கார்ந்திருந்தான். சலவை வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் மிக்சர் பொட்டலம். எழுந்து வந்து பொட்டலத்தையும் இரண்டு முழம் மல்லிகைப்பூவையும் புஷ்பா மடியில் வைத்தான். அந்த மடியில்தான் அமுலு உட்கார்ந்திருந்தது. குழந்தையைச் சுற்றிக்கொண்டு அவன் கை வந்து போன விதத்தைப் பார்த்தால், மடியில் கல் கிடக்கிறதென்று நினைக்கத் தோன்றும். அவன் போன பிறகும் ஹேர் ஆயில் நாற்றம் அங்கேயே நின்றது.

கஜபதி மைக்கைப் பிடித்தான். உப்பென்று ஊதினான். அந்த ஊதலிலேயே பாதி எச்சில் மைக்குக்குப் போய்விட்டது.

"அன்பார்ந்த தாய்மார்களே, பெரியோர்களே! இது ஊமைப்படம். அந்தக் காலத்துல இந்த மாதிரி படத்துக்கு ஒர்த்தர் பக்கத்துல நின்னுகினு கத சொல்லுவாரு. இன்னிக்கு நான் சொல்றேன். இது ஒரு குடும்பப் படம். பொம்பளைங்க அவசியம் கவனிக்கணும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் கண் பாய்ப் பக்கம் வந்தது.

எத்திராஜ் மிஷினை ஓட்டினான். படம் கல்யாணத்தில் ஆரம்பிக்கும், பாட்டு இல்லாவிட்டாலும் ஒரு விருந்தாவது இருக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் எடுத்த எடுப்பிலேயே மீசைக்காரன் குடித்துவிட்டு வந்தான். சுருட்டைமுடிக் குழந்தையின் பொம்மையைப் பிடுங்கி நெருப்பில் போட்டான். தடுக்கப் போன மனைவியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். அவள் கையைக் கூப்பிக்கொண்டு எதையோ கெஞ்சினாள். அவள் உதடுகள் அசைந்தன. ஹாலில் கேட்டது கஜபதியின் குரல்.

"இந்தம்மாவுக்கு வாய் ஜாஸ்தி. புருஷன் வேல செஞ்சுட்டுக் களைச்சு வந்து கீறான். ஒரு வாய் தண்ணி குட்த்தியா? கொழந்தைய வெச்சு கொஞ்சிகினு கெடக்கற. 'நீ இன்னா பெரிய இதுவா, நான் நெனச்சா பொழச்சுக்குவேன்'னு திமிரா பேசுது பாருங்க."

ஆண்கள் பக்கத்தில் ஒருவன் "அப்டி போடு" என்றான். சிரிப்பு எழுந்தது. திரையில் அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுகிற வாயிலிருந்து திமிர்ப் பேச்சு வந்துகொண்டிருந்தது. உயிரோடு இருக்கிறவர்களுக்காகப் பேசிப் பேசிப் பழக்கப்பட்ட வாய், செத்தவளையும் விடவில்லை. சீ, என்ன பிறவி இது என்று புஷ்பாவுக்கு ஆத்திரமாக வந்தது. அதைவிட அருவருப்பாக இருந்தது பக்கத்துப் பாய்ப் பெண்கள். கண்ணால் பார்ப்பது ஒன்று, காதால் கேட்பது ஒன்று. அவர்கள் காதைத்தான் நம்பினார்கள். "நல்லா வாங்குனா, வாய்க்கொழுப்பு" என்றாள் ஒருத்தி. போன மாதம்தான் கஜபதி ஒட்ட வைத்த வீடு அது. அவள் புருவத்தில் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது.

அடுத்த ரீலில் சனிக்கிழமை புஷ்பா பார்த்த காட்சி வந்தது. படிக்கட்டு, மண்டியிட்ட புருஷன், இடுப்பில் குழந்தை, ரயில். கஜபதி சளைக்கவில்லை. "பாத்தீங்களா, அவன் கால்ல உழாத கொறையா கெஞ்சறான். இது கோவிச்சுகினு கொழந்தைய தூக்கினு கெளம்பிச்சு. எத்தினி நாளைக்கு? எங்க போவும்? பாக்கலாம், பாக்கலாம்." ரயில் போய்விட்டது. திரை வெளுத்தது. படம் முடிந்தது என்று புஷ்பா அமுலுவைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

ஆனால் விளக்கு போட்ட பிறகு யாரும் எழவில்லை. எத்திராஜ் இன்னொரு டப்பாவைத் திறந்து ரீலை மாட்டிக்கொண்டிருந்தான். புஷ்பா அவனிடம் போனாள்.

"இன்னாண்ணா, படம் முடிஞ்சிச்சே. ரயில் ஏறனதோட முடிஞ்சிச்சு, நேத்து நான் பாத்தனே?"

எத்திராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். "உங்கண்ணன்தாம்மா சொன்னாரு. அம்போன்னு ரயில் ஏறிப் போறாப்ல முடிஞ்சா பொம்பளைங்களுக்கு கெட்ட புத்தி வருமாம். மொத ரீல்ல கண்ணாலம் விருந்துன்னு ஷோக்கா கீதா, அத்த எட்த்து கடைசில போட சொல்லிட்டாரு. சேந்துட்டாங்கன்னு அவரு சொல்லிக்குவாராம். நமக்கு இன்னாம்மா, ராத்திரி ஒரு குவார்ட்டர் வாங்கித் தரேன்னாரு." சொல்லிவிட்டு இளித்தான். காவிப் பல் அத்தனையும் தெரிந்தது.

புஷ்பா பாய்க்குத் திரும்பி வந்தாள். மனசு இளகியிருக்கும் என்று நினைத்தாளே, அந்த அண்ணன் அதே காட்சியைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் யோசித்தது இதைத்தான். இடம் மாற்றி ஒட்டினால் எதுவும் ஒட்டும் என்று அவன் நினைக்கிறான். முன் வரிசையில் பாஸ்கரன் காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

விளக்கு அணைந்தது. மாதா கோயில், வெள்ளை கவுனில் அதே பெண், மோதிரம், மீசைக்காரன் அவள் கையை முத்தமிடுகிறான். கஜபதியின் குரல் தேன் ஒழுகியது. "வந்துட்டா பாருங்க! புத்தி வந்து திரும்பி வந்துட்டா. வெள்ளக்காரன் ஊர்ல பிரிஞ்சவங்க சேந்தாங்கன்னா மறுக்கா கோயில்ல வெச்சு கண்ணாலம் பண்ணுவாங்க, அது அவங்க வழக்கம். கல்லானாலும் கணவன்னு அவளுக்கும் புரிஞ்சிபூட்ச்சி." ஹாலே கைதட்டியது. புருவத் தழும்புக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விருந்துக் காட்சி வந்தது. நீள மேசை, முப்பது நாற்பது பேர், ஆட்டம். மடியில் கிடந்த அமுலு தலையைத் தூக்கி, "அந்தப் பாப்பா எங்கம்மா?" என்று கேட்டது.

புஷ்பா திரையை உற்றுப் பார்த்தாள். பாப்பா எங்கேயும் இல்லை. எப்படி இருக்கும்? கல்யாணத்தன்று குழந்தை பிறந்திருக்கவே இல்லையே. ரீலை மாற்றியவன் அதை மறந்துவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு, குழந்தை ஞாபகத்துக்கே வரவில்லை.

"அண்ணா" என்றாள் உரக்க. "கொழந்த எங்க?"

கைதட்டல் நின்றது. கஜபதி, "இன்னா?" என்றான் மைக்கிலேயே.

"ரயில்ல தூக்கினு போச்சே, அந்தக் கொழந்த எங்க? இவ மட்டும் வந்து கீறா?"

"அட ஆமாய்யா" என்றான் ஆண்கள் பக்கத்தில் ஒருவன். "இன்னா கஜபதி, பாப்பாவக் காணோமே?" நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். திரையில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மைக்கில் கஜபதி எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்டது. ஊரையே பேசி மடக்குகிறவனுக்கு முதல் தடவையாக வார்த்தை வரவில்லை. யோசிக்க நேரமில்லாதபோது மனிதன் மனசில் இருப்பதைத்தான் எடுத்துப் போடுவான். அவனும் அதைத்தான் செய்தான்.

"கொழந்ததானே? அது... அத்த ஆஸ்டல்ல சேத்துட்டாங்க. வாலாஜா பக்கத்துல ஒரு நல்ல ஆஸ்டலு. தாய்மாமன்காரன் பொட்டி, துணிமணியெல்லாம் வாங்கிக் குட்த்து அனுப்பி வெச்சான். புருஷன் பொஞ்சாதி நிம்மதியா வாழ வேணாமா? கொழந்தைக்கும் படிப்பு ஆச்சு."

வெள்ளைக்காரக் குழந்தைக்கு வாலாஜாவில் ஆஸ்டலா என்று நாலு பேர் சிரித்தார்கள். புஷ்பா மட்டும் சிரிக்கவில்லை. பெட்டி. துணிமணி. கட்டிலுக்கடியில் சுவரைப் பார்த்துக் கிடந்த டிரங்கு. வளர்ந்தால் போட்டுக்கொள்ளும் கவுன். திரும்பி லோகநாயகியைப் பார்த்தாள். அவள் தலை குனிந்து பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். முன் வரிசையில் பாஸ்கரன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தான். படத்துக்கல்ல, பேசி வைத்த ஏற்பாட்டுக்கு.

மடியிலிருந்த மல்லிகைப்பூவின் வாசம் திடீரென்று பிண வாசம் மாதிரி அடித்தது. பூவும் மிக்சரும் கீழே விழ, அமுலுவை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். நடுவில், மிஷினுக்கும் திரைக்கும் நேராக வந்து நின்றாள். கல்யாண விருந்து அவள் முகத்திலும் புடவையிலும் விழுந்து ஆடியது. திரையில் மாப்பிள்ளை நின்ற இடத்தில், இடுப்பில் குழந்தையோடு ஒரு கறுப்பு நிழல் ஆளுயரத்துக்கு நின்றது. கஜபதி அதைப் பார்த்தான். அதற்குச் சொல்ல அவனிடம் கதை இல்லை.

"இது மொத ரீலு. மாத்திப் போட்டு கீறாங்க" என்றாள் புஷ்பா. குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "அந்தம்மா கொழந்தைய உட்டுட்டு எங்கியும் வரல. இடுப்புல தூக்கினு ரயில் ஏறிச்சு. நீங்க எல்லாரும்தானே பாத்தீங்க? உங்க கண்ணாலதானே பாத்தீங்க?"

யாராவது ஒரு ஆள், ஒரே ஒரு பெண், ஆமாம் என்று சொல்வார்கள் என்று ஒரு கணம் நின்றாள்.

"உக்காரும்மா, மறைக்குது" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"படத்த பாக்க உடாம இன்னா ரோதன" என்றாள் புருவத் தழும்புக்காரி.

அவர்கள் மேல் காறித் துப்ப வேண்டும் போல வாயில் எச்சில் ஊறியது. துப்புவது அண்ணன் பழக்கம் என்று நினைவு வந்து விழுங்கிக்கொண்டாள். அமுலுவோடு வெளியே நடந்தாள்.

வீட்டில் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். சுவர்ப் பக்கம் இருந்த முகத்தில் வெள்ளைப் பெயிண்டில் 'பா. அமுலு' என்று எழுதியிருந்தது. எழுத்து அழகாக இருந்தது. ஆர்ட்டிஸ்ட்டிடம் கொடுத்து எழுதியிருக்கிறார்கள். திறந்தாள். ஒரு தட்டு, ஒரு டம்ளர். அடியில் கவுன்கள். அவள் பார்த்தது ஒன்றைத்தான். இங்கே நாலு இருந்தன. எல்லாம் ஒரே நீலம், ஒன்றைவிட ஒன்று பெரிது. கடைசிக் கவுனைத் தூக்கிப் பிடித்தாள். பத்து வயசுப் பெண்ணுக்கு ஆகும். மாதம் ஒரு முறை போய்ப் பார்ப்பதெல்லாம் இல்லை. வளர்ந்து முடிகிற வரைக்கும் அங்கேயே கிடக்கட்டும் என்று அளவெடுத்துத் தைத்திருக்கிறார்கள்.

அவள் புடவைகளை அதே பெட்டியில் போட்டு மூடும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலில் லோகநாயகி வந்தாள். பின்னால் கஜபதி, அவனுக்குப் பின்னால் பாஸ்கரன். கீழே விழுந்த மிக்சர் பொட்டலத்தை அவன் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். பொறுக்கித் தின்றுகொண்டும் இருந்தான்.

"நாலு பேரு முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே" என்றான் கஜபதி. "எத்தினி குடும்பத்த ஒட்ட வெச்சவன் நானு!"

"ஒட்ட வெச்சியே, அப்பால ஒரு ஊட்டுக்காவது போயி அது எப்டி கீதுன்னு பாத்தியா?"

கஜபதி மச்சானைத் திரும்பிப் பார்த்தான். பாஸ்கரன் வாயில் இருந்ததை மென்று முடித்தான். "நான் இன்னா கொல்லவா சொன்னேன்? ஆஸ்டல்லதானே உடச் சொன்னேன். சோறு போடுவாங்க, துணி குடுப்பாங்க. சனியன் நம்ம ஊட்ல கெடக்கறதுக்கு அது மேல்தானே." கடலைத் தோல் அவன் உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த வாயோடு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தோமே என்று புஷ்பாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அடித்த அடி எதற்கும் இப்படிக் கூசியதில்லை.

அவள் பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். ஒரு பக்கம்தான் எழும்பியது. மறுபக்கம் லோகநாயகி குனிந்து பிடித்துக்கொண்டாள்.

"நீ இன்னாடி பண்ற?" என்றான் கஜபதி.

லோகநாயகி 'ஆமா' என்றுகூடச் சொல்லவில்லை. இரண்டு பேரும் பெட்டியை நடுவில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். அமுலு முன்னால் நடந்தது. பக்கத்து வீட்டு வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். ஆளைப் பார்த்ததும் கஜபதிக்குக் குரல் திரும்பிவிட்டது. மைக் இல்லாமலே உரக்கச் சொன்னான். "போவட்டும், போவட்டும். ரெண்டு நாளு. பசி எட்த்தா தானா வருவா. வந்து என் கால்ல உழுவா, பாருங்க." அவன் அடுத்த ரீலையும் சொல்ல ஆரம்பித்துவிட்டான். தெருமுனை திரும்பும் வரைக்கும் அந்தக் குரல் பின்னாலேயே வந்தது.

அண்ணனூர் ஸ்டேஷன் வரைக்கும் இருவரும் பெட்டியைக் கை மாற்றி மாற்றித் தூக்கி வந்தார்கள். பிளாட்பாரத்தில் பெட்டியை இறக்கியதும் லோகநாயகி கைப்பிடி அழுந்திய உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

"நேத்தே உங்கிட்ட சொல்லிடலாம்னுதான் பாத்தேன்" என்றாள்.

"பாத்த. ஆனா சொல்லல."

"சொல்லல." தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பெருசு பெருசா தைன்னாரு. தச்சேன். தைக்கறப்ப கை கூசிச்சு, ஆனாலும் தச்சேன். அந்தக் கவுனுங்கள குட்த்துடு புஷ்பா. எட்த்துகினு போய் அடுப்புல போட்டுடறேன். பாக்கவே அசிங்கமா கீது."

புஷ்பாவுக்கு அவளைப் பார்க்கவும் அசிங்கமாகத்தான் இருந்தது. பெட்டியைத் தூக்கி வந்ததால் அது போய்விடவில்லை. திருநின்றவூர் வழியாகப் போகும் திருவள்ளூர் வண்டியின் வெளிச்சம் தூரத்தில் தெரிந்தது. அமுலு பெட்டியின் மேல் உட்கார்ந்து, தன் பெயர் என்று தெரியாமலே வெள்ளை எழுத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தது.

"வோணாம் அண்ணி" என்றாள் புஷ்பா. "துணி இன்னா பண்ணிச்சு? என் கண்ணு முன்னாடி வளரும். வளந்தா போட்டுக்கும்."

வண்டி வந்து நின்றது. குழந்தையை முதலில் ஏற்றிவிட்டு, அவள் பெட்டிக்காகத் திரும்பிக் கையை நீட்டினாள்.